மீனுக்கு நேட்டிவ் எது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. குற்றவாளி... ஒரு மீன்!

எட்டு மாதத்துக்கு முன் குமணன்சாவடியில் வாங்கியது. அப்போது கட்டைவிரல் சைஸ். "பேரட் ஃபிஷ் சார், உள்ளங்கைக்கு மேல வளராது" என்றார் கடைக்காரர். நம்பினேன். இப்போது முக்கால் அடி. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. என் மனைவி ஸ்டெல்லா ஆசையாக வளர்த்த இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் தொட்டியில் காணோம். லீவுக்கு ஊருக்கா போயிருக்கும்?

"இது யாரு பெத்த புள்ள, இன்னும் எவ்ளோ வளரும்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க. ஒரு அடின்னா, கடையிலயே கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கோ மனசு வரவில்லை. ஆபீஸிலிருந்து வந்தால், கண்ணாடி வரை ஓடிவந்து வரவேற்கிற ஒரே ஜீவன் அதுதான்.

கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். "இன்னா சார் இது... நெத்தி பொடச்ச ஃப்ளவர்ஹார்ன் மீனு கணக்கா கீது! கிராஸு சார். அப்பன், ஆயி யாருன்னு கேட்டா நான் இன்னாத்த சொல்றது? கொளத்தூர் மீன் மார்க்கெட்லர்ந்து தண்ணி கவர்ல வந்துச்சு. அவ்ளோதான் தெரியும்."

கடைசி நம்பிக்கை, எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடி தணிகாசலம் சார். ஆவடிப் பக்கம் ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிராயிங்கில் இருப்பதிலிருந்து ஒரு நூல் பிசகினாலும் உதிரிபாகத்துக்கு முத்திரை குத்த மாட்டார். வெர்னியர் காலிப்பரோடும், அசல் இன மீன்களின் பிரின்ட் அவுட்டோடும் இறங்கி வந்தார். வேறு எந்த ஊரில் மீனுக்கு வெர்னியர் வைப்பார்கள், சொல்லுங்கள்?

கண்ணாடிக்கு வெளியிலிருந்தே புடைப்பை அளந்தார். மீன் வெர்னியரைக் குறிவைத்துப் பாய்ந்து பாய்ந்து கண்ணாடியை முட்டியது. "துடுப்பு முள்ள எண்ணினா பரம்பரை தெரிஞ்சிடும்" என்று எண்ணினார். முதலில் ஏழு. அப்புறம் ஒன்பது. அப்புறம் கோபம்.

"கண்ணு ஒரு இனம், வாய் ஒரு இனம். டிராயிங்கோட எதுவும் சேரல. கலப்பு சார்! ரெண்டு பக்கமும் சேத்துக்க மாட்டாங்க. ரிஜெக்ட்!"

காபியோடு வந்த ஸ்டெல்லா அப்படியே நின்றுவிட்டாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் அம்பத்தூர் கிறிஸ்தவக் குடும்பம். நான் தென்காசிக் கோயில் தெரு. கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு தேடிப் போனால், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்கள் - "உங்களுக்கு நேட்டிவ் எது?" ஊர்கள் மேல்தான் என்ன ஒரு அக்கறை! இரண்டு பேரும் பதில் சொன்னதும், காலியாக இருந்த வீடு திடீரென்று அவர்கள் மச்சினனுக்குத் தேவைப்படும். எங்கள் மகள் பிறந்தபோதும் இரண்டு பக்க உறவும் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஜாடை இல்லையே" என்றுதான் சொன்னது. நல்லவேளை, அன்று யாரிடமும் வெர்னியர் இல்லை.

"காபி குடிங்க சார்" என்றாள் ஸ்டெல்லா. "மீன் இங்கதான் இருக்கும். ஒரு அடி வளந்தாலும் சரி, ஒம்போது அடி வளந்தாலும் சரி."

"அந்த கோல்டு ஃபிஷ்..." என்று இழுத்தேன்.

"அதுக்குப் பசிச்சிருக்கும்!"

நாலடித் தொட்டிக்கு இடம் வேண்டுமே... சோபாவை விற்றோம். வாங்க வந்தவர் சோபாவைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்கு நேட்டிவ் எது?"

"கொளத்தூர்" என்றேன். கவரில் வந்ததை மட்டும் சொல்லவில்லை.