ஜெர்மன் தளபதிகளும் அண்ணையின் கொப்பியும்

கோண்டாவிலில் மூத்த மகனாகப் பிறந்த எங்கள் அண்ணை, அப்பா காலமானபின் பதினெட்டு வயதிலேயே குடும்பப் பொறுப்பை ஏற்றார். லண்டன் வந்து செவன் கிங்ஸில் குடியிருந்து, பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை செய்து, தங்கையான என்னையும் கூப்பிட்டுப் படிப்பித்தார். அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு இவை தெரியும். அவர் குறிப்பெழுதிய கொப்பியைப் பற்றித் தெரியாது.

எண்பதுகளில் அண்ணை லைப்ரரியிலிருந்து இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் தளபதிகளுடைய சுயசரிதைகளை ஒன்றுவிடாமல் எடுத்து வாசித்தார். அப்போது வியப்போடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருபவர்களுக்கு உப்புப் போத்தலையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் நகர்த்தி, டாங்கிகள் சுற்றிவளைத்த விதத்தை விளக்குவார். வந்தவர்கள் பொறுமைசாலிகள்.

அந்தக் காலத்தில்தான் சண்டைக்கு நடுவே ஊரிலிருந்த எங்கள் தம்பி, தானும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்றான். அம்மா ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டார். வீடு வெறுமையாகக் கிடந்தால் வேறு யாரும் வந்து இருந்துவிடுவார்கள் என்ற பயம் நம்மவர் எல்லோருக்கும் உண்டு. டெலிபோனில் அண்ணை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“நீ வெளிக்கிடாதை. வீட்டைப் பாத்துக்கொண்டு இரு. நான் சொல்லேக்கை வரலாம்.”

தம்பி இருந்தான். ஷெல் விழுந்து வீடும் போனது, அவனும் போனான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணை, அம்மாவுக்கு வீட்டை விட மனமில்லாததால்தான் தம்பி நின்றுவிட்டான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு எங்களிடம் வந்துசேர்ந்த அம்மாவின் காதிலும் அது விழுந்தது. அவர் மறுக்கவில்லை. அந்தப் பழியோடுதான் கண்ணை மூடினார்.

அதன்பின் அண்ணை அதே புத்தகங்களைத் திரும்ப எடுத்தார். இம்முறை ஒரு கொப்பி போட்டார். தளபதிக்கு ஒரு பக்கம்: பதவி, நின்ற முனை, இட்ட கட்டளை, செத்தவர்கள், பழியைப் போட்ட ஆள், தான் செத்த இடம். நானும் வாசித்தேன். வெற்றியென்றால் தன்னுடைய திட்டமாம். தோல்வியென்றால் பனி, சேறு, செத்துப்போன தலைவன். ஊர்களைக் கொளுத்தியது யாரென்று தெரியாதாம். ஒன்றும் தெரியாமலே ஃபீல்ட் மார்ஷல்வரை உயர்ந்திருக்கிறார்கள். பட்டினியில் கிடந்த பொடியளைக் கடைசி ஆள்வரை நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, சப்பாத்து மினுங்கப் போய்ச் சரணடைந்தவரும் உண்டு. பிறகு பென்ஷன், பூந்தோட்டம், தடித்த புத்தகம். செத்த இடம் என்ற வரியில் பெரும்பாலானோருக்கு அண்ணை எழுதியது ஒரே சொல்: படுக்கை. மானங்கெட்ட கூட்டம். இவர்களை வீரர்களென்று அடுக்கிவைத்திருக்கும் லைப்ரரி அலுமாரியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, அண்ணை அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார்.

“மலரிலை என்னைப் பெரிய ஆளாக்கிப் போடாதை. அவங்கள் தங்களுக்குத் தாங்களே எழுதினதும் இப்பிடி மலர்தான். கடைசிப் பக்கத்தை அப்பிடியே போடு.”

திறந்து பார்த்தேன். ஏலாது என்றேன்.

“அம்மாவுக்காகப் போடு,” என்றார்.

அண்ணையைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் இருந்த நண்பர்கள், ஆர்ச்வே முருகன் கோயிலில் அவருக்காகப் பூசை செய்வித்தவர்கள், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவர்கள் அனைவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள். இதை அச்சில் போட்டதற்குக் கோபிப்பவர்கள் என்னைக் கோபியுங்கள். எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருந்தவள் நான். கடைசிப் பக்கம் இதுதான்.

பதவி: அண்ணன்.
நின்ற முனை: லண்டன்.
இட்ட கட்டளை: வீட்டைப் பார்.
செத்தவர்கள்: தம்பி.
பழியைப் போட்ட ஆள்: அம்மா.
தான் செத்த இடம்:

இதை மட்டும் அண்ணை வெறுமையாக விட்டிருந்தார். அவர் போனபின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் எழுதினேன்: படுக்கை.