சீட்டுக்கு அடியில் ரெண்டு கிலோ தக்காளி

இந்தத் தீவுல மரைன் ஹில்ங்கிற மேட்டுக்குக் காய்கறியும் மளிகையும் ஏத்திக்கிட்டுப் போற வண்டி எங்களுது. பன்னெண்டு வருஷமா ஓடுது. வண்டியை ஓட்டுறது என் வீட்டுக்காரரு, வியாபாரம் பண்றது நான். அவரு ஒரு நாளைக்குப் பேசுற வார்த்தையை விரல் விட்டு எண்ணிரலாம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆண்டவன் என்னைப் படைச்சான்னு மேட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும், வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

விடியக்காலம் டாலிகஞ்ச்ல இருக்கிற எங்க வீட்டுலேர்ந்து கிளம்பி, மார்க்கெட்டுல சரக்கு எடுத்து, ஏழு மணிக்குள்ள மேட்டோட முதல் வளைவுல நிப்போம். கீழ கடை இல்லாம இல்ல. ஆனா அஞ்சு கிலோ அரிசியைத் தூக்கிக்கிட்டு அந்த ஏத்தத்துல ஒருதரம் ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும் எங்க வண்டியோட அருமை. வேலைக்குப் போறவங்க பையை கேட்டுல மாட்டிட்டுப் போயிருவாங்க. எந்த வீட்டுப் பையில என்ன போடணும்னு எனக்கு அத்துப்படி. பெங்காலி வீடுன்னா கடுகு எண்ணெய், தெலுங்கு வீடுன்னா காரமான பச்சை மிளகாய், மலையாளி வீடுன்னா தேங்காய், நம்ம ஆளுங்கன்னா புளி. முருங்கைக்காய் மட்டும் எல்லாரும் கேப்பாங்க.

வண்டி உச்சியில ஒரு ஸ்பீக்கர், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல ஒரு மைக். என்ன வந்திருக்கு, என்ன வரலைன்னு தமிழ்ல ஒருதரம், ஹிந்தியில ஒருதரம் நானே சொல்லுவேன். பதிவு பண்ணி ஓட விடலாமேன்னு பல பேரு யோசனை சொன்னாங்க. இன்னிக்குக் கத்திரிக்காய்ல பாதி சொத்தைன்னு பதிவு பண்ணின குரலுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணும் சொல்லிரணும். நானும் அவரும் வீட்டுல தமிழ்தான் பேசுவோம். சண்டைன்னு வந்துட்டா மட்டும் ஹிந்திக்கு மாறிருவோம். அவரு இந்தத் தீவுலயே பிறந்து ஹிந்திப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, கோபம் வந்தா அவருக்குத் தமிழ் வராது. நான் சிவகங்கைப் பக்கத்துலேர்ந்து கல்யாணமாகி வந்தவ. அவரு திட்டுறது புரியணும்னே ஹிந்தி கத்துக்கிட்டேன், ஆறே மாசத்துல திருப்பித் திட்டவும் கத்துக்கிட்டேன்.

தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கெல்லாம் மெயின்லேண்டு கப்பல்தான் கதி. மழைக்காலத்துல கடல் கொந்தளிச்சா கப்பல் பிந்தும், அப்ப மார்க்கெட்டுல ஒரு கூடை தக்காளிக்கு பத்துப் பேரு அடிச்சுக்குவாங்க. அந்த மாதிரி நாள்ல எங்க வண்டிக்குன்னு ஒரு சட்டம் வெச்சிருந்தேன். ‘ஏக் கர், ஏக் பாவ்.’ ஒரு வீட்டுக்குக் கால் கிலோ, அதுக்கு மேல கிடையாது. ஆபீசரா இருந்தாலும் பியூனா இருந்தாலும் ஒரே அளவு. ஒருதரம் ஒரு ஆபீசர் வீட்டம்மா தானும் வாங்கிட்டு, வேலைக்காரம்மாவையும் அனுப்பி வாங்கப் பாத்தாங்க. நான் விடுவேனா? அத்தனை பேரு முன்னாடியும் ரெண்டாவது பையை வாங்கித் திரும்பத் தட்டுல கொட்டினேன். அதுலேர்ந்து என் தராசு மேல மேட்டுல எல்லாருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

மேட்டு உச்சியில, படிக்கட்டு முடியுற இடத்துல ஒரு ஒத்தை ரூம். அதுல ஒரு பொண்ணு இருந்தா. பொண்ணுன்னா சின்னப் பொண்ணு இல்ல, நாப்பத்தொரு வயசு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில, அதான் போட்டுங்க வந்து நிக்கிற துறையில, டிக்கெட் கவுண்டர்ல வேலை. கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துக் குடும்பம். அப்பா அம்மா போனப்புறம் தம்பியையும் தங்கச்சியையும் படிக்க வெச்சு, கல்யாணம் பண்ணி வெச்சு, மெயின்லேண்டுக்கு அனுப்பிட்டுத் திரும்பிப் பாக்குறா, இவளுக்குன்னு பக்கத்துல ஒருத்தரும் இல்ல. இடையில ஒரு சம்பந்தம் வந்து, பேசி முடிக்கிற நேரத்துல தட்டிப் போச்சு. அப்ப மேடே திரண்டு போய் அவளுக்கு ஆறுதல் சொல்லுச்சு, நானும்தான் போனேன். ஆறுதல்ங்கிற பேர்ல நாங்க அவளைப் படுத்தின பாட்டுல, ஒரு மாசம் அவ தலை நிமிந்து படி இறங்கல.

நாலஞ்சு வருஷம் முன்னாடி, கப்பல் பிந்தின ஒரு வியாழக்கிழமை, வண்டிகிட்ட ஆளே இல்லாத நேரமாப் பாத்து அவ வந்தா. ரெண்டு கிலோ தக்காளி வேணும்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் மெதுவா விஷயத்தைச் சொன்னா. ரங்கத் ஊருக்குப் போயிட்டு வர்ற போட்டுல இஞ்சின் வேலை பாக்குற ஒரு பெங்காலிக்காரரு, அவருக்கு வயசு நாப்பத்தஞ்சு. கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு நாலு வருஷப் பழக்கம். சனிக்கிழமை அவரோட அம்மா ரங்கத்லேர்ந்து இவளைப் பாக்க வர்றாங்க. பேரீச்சம்பழம் போட்டு ஒரு இனிப்புத் தக்காளிச் சட்னி அவங்க வீட்டு விருந்துல கட்டாயம் இருக்குமாம். இவ அதை ரெண்டு மூணு தரம் வெச்சுப் பழகணுமாம்.

“அக்கா, யாருக்கும் தெரிய வேணாம். இதுவும் ஆகாமப் போச்சுன்னா திரும்ப அத்தனை பேரும் ஆறுதல் சொல்ல வருவாங்க. என்னால தாங்க முடியாது” என்று சொன்னா.

அவ கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணினேன். என் சட்டத்தை நானே உடைக்கிறது அதுதான் முதல் தடவை, ஆனா மனசுல கொஞ்சம்கூட உறுத்தல.

வெள்ளிக்கிழமை காலையில ரெண்டு கிலோவைத் தனியா ஒரு மஞ்சப் பையில கட்டி சீட்டுக்கு அடியில தள்ளி வெச்சேன். எட்டு மணி டியூட்டிக்கு அவ இறங்கி வர்றப்பக் கொடுத்துரலாம்னு நினைப்பு. வீட்டுக்காரர்கிட்டக்கூட மூச்சு விடல. முதல் வளைவுல நின்னு, தக்காளி ஏக் கர் ஏக் பாவ்னு மைக்ல சொல்லிட்டுக் கீழ வெச்சேன். வெச்சவ அணைக்கிற சுவிட்சை அமுத்தல.

அந்த நேரம் பாத்து அவரு டயருக்கு அணை குடுக்கிற கட்டையை எடுக்க சீட்டுக்கு அடியில கையை விட்டாரு. கட்டைக்குப் பதிலாத் தக்காளி வந்துச்சு. ஊருக்கெல்லாம் கால் கிலோ, இங்க ரெண்டு கிலோ பதுக்கலா, இந்த வேலையை எப்பக் கத்துக்கிட்டேன்னு ஹிந்தியில கேட்டாரு. வருஷத்துக்கு ஒருதரம் வாயைத் திறக்கிற மனுஷன், என்னைப் பாத்துத் திருடின்னு சொல்லாம சொல்றாரு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. நானும் ஹிந்தியிலயே பிடிச்சேன். யாரைப் பாத்து என்ன பேசுறன்னு ஆரம்பிச்சு, டிக்கெட் கவுண்டர் பொண்ணு, ரங்கத் போட்டு, நாளைக்கு வர்ற மாமியாரு, இனிப்புச் சட்னி, போன சம்பந்தம் தட்டிப் போனதுன்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். நடுவுல மூச்சு வாங்க நிறுத்தினப்பத்தான் எதிர்க் கட்டடத்துச் சுவர்ல பட்டு என் குரல் எனக்கே திரும்பி வந்துச்சு.

தமிழ்ல கத்தியிருந்தாலாவது பாதி மேட்டுக்குப் புரிஞ்சிருக்காது. பையோட நின்ன பொம்பளைங்க எல்லாம் சிலையா நிக்குறாங்க. படிக்கட்டுல பாத்தா, டியூட்டி சேலையைக் கட்டிக்கிட்டு அவ நிக்குறா. முகத்துல ரத்தமே இல்ல. நேரா என்கிட்ட வந்தா.

“இனிமே என்கூடப் பேசாதீங்க” என்று மட்டும் சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா. அக்கான்னுகூடக் கூப்பிடல.

தக்காளியை ஒளிச்சதுக்கு இப்ப என்னை உரிச்சு உப்புத் தடவப் போறாங்கன்னு நினைச்சேன். ஒருத்தர்கூட அதைப் பேசல. முதல்ல வாயைத் திறந்தது அந்த ஆபீசர் வீட்டம்மாதான். இந்தப் பொண்ணு பட்டது போதும், நாம யாரு காதுலயும் எதுவும் விழல, அவ்வளவுதான்னு சொன்னாங்க. சரின்னு எல்லாரும் தலையாட்டினாங்க. பையோட நின்னவங்கள்ல ஒரு பெங்காலிக்காரம்மா மட்டும், பேரீச்சம்பழம் இல்லாம சட்னிக்குத் தக்காளி மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்னு, வீட்டுக்குப் போய் ஒரு பொட்டலம் கொண்டு வந்து மஞ்சப் பையில போட்டாங்க. பையை எடுத்துக்கிட்டு உச்சி வரைக்கும் படியேறி அவ கதவுல மாட்டிட்டு வந்தது என் வீட்டுக்காரரு. எனக்கு அந்தப் படியில கால் வைக்க முகம் இல்ல.

சாயங்காலம் அவ டியூட்டி முடிஞ்சு ஏறி வந்தப்ப மேட்டு ஜனம் நடிச்ச நடிப்பை மறுநாள் எனக்குச் சொன்னாங்க. ஒருத்தி மழையைப் பத்திப் பேசினாளாம், இன்னொருத்தி காயாத துணியை மடிச்சாளாம், ஒருத்தரும் அவ முகத்தைப் பாக்கலையாம். நாலு வீட்டு வாசலை ஒரே நேரத்துல நாலு பேரு பெருக்கிக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சனிக்கிழமை வியாபாரம் முடிஞ்சும் எனக்கு வீட்டுக்குப் போக மனசு வரல. மேட்டுக்கு அடியில வண்டியை நிறுத்தச் சொன்னேன். மத்தியானம் ஜெட்டிப் பக்கத்துலேர்ந்து வெள்ளைச் சேலையில ஒல்லியா ஒரு அம்மா, கையில ஒரு துணிப்பையோட நடந்து வந்தாங்க. நாலடிக்கு ஒருதரம் நின்னு மூச்சு வாங்கினாங்க. மகன் இஞ்சினை ஒப்படைச்சுட்டு வர்றேன்னு சொல்லி முன்னாடி அனுப்பிட்டானாம். ஏத்தத்துல எப்படிப் போவீங்க, ஏறுங்கன்னு சொல்லி எனக்கும் அவருக்கும் நடுவுல உக்கார வெச்சேன்.

அந்த டிக்கெட் கவுண்டர் பொண்ணைத் தெரியுமான்னு கேட்டாங்க. காய்கறி வாங்குவாங்கன்னு சொல்லிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவே கூடாதுன்னு குலதெய்வத்தை வேண்டிக்கிட்டேன். அந்தம்மா விடல. பொண்ணு நல்ல வேலையிலதான் இருக்கா, ஆனா வயசு கொஞ்சம் ஜாஸ்தின்னு சொன்னாங்க. அதுக்கும் சும்மா இருந்தேன். ஒரு கல்யாணம்னா பொண்ணு பக்கம் பேச நாலு பேரு வேணும், இவளுக்கு ஒரு ஆளும் இல்லையேன்னு சொன்னாங்க.

“ஏன், உங்க பையனுக்கு இப்பத்தான் பால் பல்லு விழுந்துச்சா?” என்று கேட்டுட்டேன்.

கேட்டதோட நிக்கவும் இல்ல. தம்பி தங்கச்சியை ஆளாக்கினவளுக்கு வயசு ஏறாம என்ன பண்ணும், உங்க சட்னிக்காக நேத்துலேர்ந்து அடுப்புகிட்ட நிக்குறா, அவளைக் கட்டுறதுக்கு உங்க பையன் கொடுத்து வெச்சிருக்கணும்னு கொட்டித் தீர்த்தேன். அந்தம்மா தலைக்கு மேல கையை நீட்டி வீட்டுக்காரரு என் தோளை அமுத்துறாரு, எனக்கா உறைக்குது? படிக்கட்டு வந்ததும் அந்தம்மா துணிப்பையை எடுத்துக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம இறங்கிப் போனாங்க. வீட்டுக்காரரு என்னைப் பாத்து, முடிஞ்சுதுன்னு தமிழ்லயே சொன்னாரு. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு. அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல. ஒரே பொண்ணோட வாழ்க்கையை ரெண்டு நாள்ல ரெண்டு தரம் கெடுத்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

திங்கக்கிழமை கப்பல் வந்து சரக்கு குவிஞ்சு கிடந்துச்சு. ஏழரை மணிக்கு அவ படி இறங்கி வந்து, எல்லாரோடவும் வரிசையில நின்னா. மத்தவங்க குனிஞ்சு கத்திரிக்காயைப் பொறுக்குற மாதிரியே இருந்தாங்க. அவ முறை வந்துச்சு. நான் தலையைத் தூக்கல, பேசாதன்னு சொன்னவகிட்ட என்னன்னு பேசுறது?

“சாப்பிட்டு முடிச்சதும் அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. வண்டியில வந்த அந்தச் சண்டைக்காரி உனக்கு யாருன்னு” என்று ஆரம்பிச்சா. நான் தராசுத் தட்டைக் கீழ வெச்சேன்.

“என் அக்கான்னு சொன்னேன். அப்ப உன் பக்கம் பேச நாலு பேரு எதுக்கு, இவ ஒருத்தி போதும்னு சிரிச்சாங்க. வர்ற முகூர்த்தத்துல வெச்சுக்கலாம்னாங்க. பொண்ணு வீடா நீங்கதான் வந்து உக்காரணும், அக்கா.”

பக்கத்துல இருந்த உருளைக்கிழங்கு மூட்டை மேலயே உக்காந்து அழ ஆரம்பிச்சேன். எத்தனை பேரு சொல்லியும் நிக்கல. அன்னிக்கு மேடு பூரா வியாபாரம் பாத்தது என் வீட்டுக்காரருதான்.