தலைமன்னாரில் காணாமல் போன பதினொரு நாட்கள்

எங்கள் கந்தோரில் அப்போது நாங்கள் நான்கு பேர். மன்னார் நகரத்து உப்புக்குளத்தில் ஒரு வீட்டின் முன்னறைகள் இரண்டை வாடகைக்கு எடுத்து நடத்திய தனியார் நில அளவைக் கந்தோர் அது. முதலாளி, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சேவையர், நில அளவையாளர். நாங்கள் அவரைச் சேர் என்று கூப்பிடுவோம். வெளியே போய்க் காணி அளக்க இரண்டு பேர். உள்ளே, கணினிக்கு முன்னால் நான்.

அளக்கப் போகும் இருவரில் ஒருவர் பெருநிலத்தில், கட்டுக்கரைப் பக்கத்து வயல்காணிகளைப் பார்த்தார். மற்றவருக்கு மன்னார்த் தீவின் மேற்கு ஓரம். தலைமன்னாரில் ஒரு பெரிய காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளக்கும் நீண்ட வேலை அவரிடம் இருந்தது. அவரை நான் அண்ணை என்பேன். ஐம்பதை நெருங்கியவர். கடற்தொழிலை விட்டு இந்த வேலைக்கு வந்து பல வருடமாகிவிட்டது. அதிகம் பேசமாட்டார். அவர் வைத்த எல்லைக்கல்லை இன்னொருவர் வந்து திரும்ப அளந்து மாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருடம் சேர் ஒரு மென்பொருள் வாங்கினார். அதற்கு முன் வேலை நேரத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார்கள். இனி அது தேவையில்லை. வேலையிடத்தில் போனை எடுத்துத் தொடக்கம் என்பதை அமத்த வேண்டும், முடிந்ததும் முடிவு என்பதை அமத்த வேண்டும். அந்த நேரம் இணையம் வழியாக என் கணினிக்கு வந்து சேரும். அதை வைத்து நான் வாடிக்கையாளருக்குப் பில் தயாரிப்பேன். கட்டுக்கரையிலிருந்து வந்த நேரங்கள் ஒரு நிமிடம் பிசகாமல் வந்து விழுந்தன. அண்ணையின் நேரங்களில் மட்டும் ஓட்டைகள். சில நாட்கள் முழுதாக இருக்கும், சில நாட்கள் அடியோடு இராது.

முதல் மாதம் நான் அவரைத்தான் பிழை சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் அமத்த மறக்கிறியள்."

"இல்லைத் தங்கச்சி. அமத்தினனான்."

"அப்ப ஏன் வரேல்லை?"

அவர் போனை என் மேசையில் வைத்தார். நான் கந்தோருக்குள் வைத்தே அதைத் தொடக்கி, முடித்து, அனுப்பிப் பார்த்தேன். உடனே வந்தது. போனில் குறை இல்லையென்றால் ஆளில்தான் குறை என்று எண்ணிக்கொண்டேன். மூன்று தரம் அவருக்கு அமத்தக் காட்டிக் கொடுத்தேன், சின்னப்பிள்ளைக்குக் காட்டுவது போல. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் மாத முடிவில் காணாமல் போன நாட்கள் பதினொன்று ஆகிவிட்டன. சேர் அவரை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"இனி மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ. உங்கட முகமும் அதில தெரியோணும்."

அண்ணை போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "படம் எடுத்துத்தான் என்னை நம்போணுமெண்டால், இந்த மாதத்தோட நான் வேலையில இருந்து நிண்டுகொள்ளுறன் சேர்," என்றார். சத்தம் உயரவில்லை. வெளியே வந்து, சுவரோரம் இருந்த அளவைக் கருவியின் முக்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்தக் குரல் என்னை வேலை செய்ய விடவில்லை. பொய் சொல்கிற ஒருவர் அப்படிப் பேசமாட்டார் என்று பட்டது. மென்பொருளை மூடி வைத்துவிட்டு ஒரு கடதாசியை எடுத்தேன். காணாமல் போன பதினொரு நாட்களையும் கீழே கீழே எழுதி, அந்தந்த நாளில் அவர் அளந்த துண்டு எது என்று வரைபடத்தில் தேடினேன். பதினொன்றும் காணியின் மேற்குப் பக்கத்துத் துண்டுகள், கடற்கரையை ஒட்டியவை. வீதிப் பக்கத்துத் துண்டுகளை அளந்த நாட்கள் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன.

மறதி இடம் பார்த்து வராது. மறுநாள் காலை சேரிடம் கேட்டுக்கொண்டு, அண்ணையோடு நானும் தலைமன்னார் பஸ்ஸில் ஏறினேன். என் போனிலும் அந்தச் செயலியைப் போட்டிருந்தேன்.

கடற்கரைத் துண்டில் இறங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் தொடக்கத்தை அமத்தினோம். கொஞ்ச நேரத்தில் அண்ணையின் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை அழிக்கப் போனார்.

"என்னண்ணை அது?"

"இந்தியாவுக்கு வாங்கோ எண்டு சொல்லுது. இஞ்ச எல்லாருக்கும் வாறதுதான். அங்கத்தைப் போன் கோபுரம் இழுக்குது."

கடலுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம்! இந்தியக் கோபுரத்தில் போன் நின்றால் இணையம் ஓடாது, அதனால்தான் அனுப்பவில்லை, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் போனைப் பார்த்தேன். அதுவும் இந்தியக் கோபுரத்தில்தான் நின்றது.

பின்னேரம் மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கும்போது இரண்டு போன்களிலும் இலங்கை இணையம் திரும்பியிருந்தது. இரண்டிலும் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை அடையாளம் விழுந்தது. சந்தோசத்தோடு கந்தோருக்கு ஓடி வந்து கணினியைப் பார்த்தால், என்னுடைய நேரம் வந்திருந்தது. அண்ணையுடையது இல்லை.

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கோபுரம். ஒன்று வந்தது, மற்றது வரவில்லை. கோபுரக் கதையும் பொய்த்தது. பின்னால் வந்த அண்ணையின் போனை வாங்கி, கதிரையில் இருந்துகொண்டு இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அன்றைய பதிவைத் திறந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். தேதி ஒன்று, தொடங்கிய நிமிடம் ஒன்று, முடிந்த நிமிடம் ஒன்று. அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. என் போனில் அது கொழும்பு. அண்ணையின் போனில் கொல்கத்தா.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். நான் பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில். அங்கே வாங்கிய என் போனில் நேர வலயம் கொல்கத்தா என்றுதான் இருக்கும், இந்தியா முழுவதற்கும் அந்த ஒரு பெயர்தான். ஊருக்குத் திரும்பி வந்த முதல் நாள் நான் செய்த காரியங்களில் ஒன்று, அதை என் கையாலேயே கொழும்பு என்று மாற்றியது. மணி ஒரு விநாடிகூட மாறவில்லை. இரண்டு நாட்டிலும் நேரம் ஒன்றுதானே. ஆனாலும் மாற்றினேன், வந்து சேர்ந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வதற்காக. அதிலிருந்து என் போன் எந்தக் கோபுரத்தைப் பிடித்தாலும் கொழும்பை விட்டு நகரவில்லை. அண்ணையின் போன் தானாக மாறும்படி விடப்பட்டிருந்தது. இந்தியக் கோபுரத்தைப் பிடித்ததும் கொல்கத்தா ஆகி, நகரத்துக்குத் திரும்பியதும் கொழும்பு ஆகியது. கந்தோரில் வைத்துச் சோதித்தபோது எதுவும் அகப்படாததற்குக் காரணம் அதுதான்.

மறுநாள் காலை மென்பொருள் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தேன். கொழும்பிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மிஸ், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தானே. அதால ஒரு பிரச்சினையும் வராது. உங்க ஆள் சரியா அமத்தியிருக்க மாட்டார்."

நானும் இரண்டு மாதம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கோபிக்கவில்லை. கந்தோர்த் தொலைபேசியை வைத்துவிட்டு, என் சொந்தப் போனைக் கொல்கத்தாவுக்கு மாற்றினேன். மேசையில் இருந்தபடியே பத்து நிமிடம் ஓடவிட்டு அனுப்பினேன். வரவில்லை. கொழும்புக்கு மாற்றி இன்னொரு பத்து நிமிடம். வந்தது. மூன்று முறை இப்படிச் செய்தேன். மூன்று முறையும் ஒரே முடிவு. எல்லாவற்றையும் போனின் திரையோடு படமாகப் பிடித்துக் கம்பனிக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி மட்டும் எழுதினேன்: 'இந்த முறை அமத்தியது நான்.'

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அழைப்பு வந்தது. இந்த முறை அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவரே பேசினார். குரலில் பரபரப்பு.

"மிஸ், நீங்க சொன்னது சரி. வேற வலயத்தில இருந்து வாற பதிவை எங்கட சேவர் கணினி வேற கிளைக் கந்தோருடையது எண்டு ஒதுக்கி வச்சிருக்கு. உங்களுக்கு அப்படி ஒரு கிளை இல்லாததால, ஒருத்தருக்கும் காட்டாம வச்சிருக்கு."

"அழிஞ்சு போகேல்லையே?"

"இல்லை, எல்லாம் இருக்கு. இப்ப விடுறன், திரையைப் பாருங்க."

சேரைக் கூப்பிட்டேன். கட்டுக்கரைக்குப் போகப் புறப்பட்டவரும் வாசலில் நின்றுவிட்டார். அன்று கந்தோரில் வரைபடம் மடித்துக்கொண்டிருந்த அண்ணையை நானே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வெறுமையாகக் கிடந்த கட்டங்களில் முதல் நாள் நிரம்பியது. பிறகு இரண்டாவது. பிறகு நான் எண்ண முடியாத வேகத்தில் மளமளவென்று எல்லாம் நிரம்பின. பதினொரு நாட்களும், அவற்றுக்கு மேலே நேற்றைய நாளும்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. வீதியில் நின்ற கழுதை ஒன்று மிரண்டு ஓடியதாகக் கட்டுக்கரைக்காரர் பிறகு சொல்லிச் சிரித்தார்.

அண்ணை சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்து விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். "இது மழை பெய்து, நான் கருவியைச் சாக்கால மூடிப்போட்டு நிண்ட நாள். இது வேலியைப் பற்றிப் பக்கத்துக் காணிக்காரர் வந்து சண்டை பிடிச்ச நாள். இது..." என்று சொல்லிக்கொண்டு போனவர், "மாதாவே," என்று நிறுத்திவிட்டார். கண்கள் நிறைந்திருந்தன.

சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "நான் பிழை விட்டிட்டன். உங்களிட்டப் படம் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் வேலையை விட்டு நிக்கப்படாது."

"நானும்தான் அண்ணை," என்றேன். "மூண்டு தரம் காட்டித் தந்தனான்."

"நாலு தரம்," என்றார் அண்ணை. அப்போதுதான் சிரித்தார். மறுநாள் வழக்கமான பஸ்ஸில் கடற்கரைத் துண்டுக்குப் போனார்.

மென்பொருளை எழுதிய அந்த ஆள் தொலைபேசியை வைக்குமுன் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "மிஸ், நீங்க எங்க கம்ப்யூட்டர் படிச்சனீங்க?" முகாமில் ஆறு மாதம் படித்தேன் என்றேன். அந்தச் சான்றிதழை நான் வேலை தேடிய இடங்களில் யாரும் இரண்டாம் முறை திருப்பிப் பார்த்ததில்லை. அவர், "நாங்க அஞ்சு பேர் இருந்தும் இதைக் காணேல்ல," என்றார்.

இரண்டு கிழமைக்குள் எல்லாப் போன்களுக்கும் திருத்திய செயலி வந்தது. வலயம் எதுவானாலும் இப்போது பதிவு வந்து சேர்கிறது. எங்களுக்கு வந்த கடிதத்தில், இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது மன்னாரில் உள்ள ஒரு சிறிய கந்தோர் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். சேர் அதை அச்செடுத்து, வாடிக்கையாளர் வந்து இருக்கும் இடத்துக்கு நேரே அலுமாரிக் கதவில் ஒட்டினார்.

கம்பனியிலிருந்து இப்போதும் இடைக்கிடை அழைப்பு வரும், புதிதாக ஏதும் செய்தால் பார்த்துச் சொல்லச் சொல்லி. சேர்தான் எடுப்பார். ஒரு நிமிடம் கேட்பார். பிறகு வாசல்வரை கேட்கும் குரலில் சொல்லுவார்: "பொறுங்கோ, எங்கட ஆளிட்டக் குடுக்கிறன்."