மாலை போடாத படம்

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் த்ரீ கிங்ஸ் புறநகரில் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் மாதம் ஒருமுறை யாரையாவது பேச அழைக்கும். போன மாதம் என் பக்கத்து வீட்டுப் பெண்மணி. பர்மாவின் ஷான் மலைநாட்டில், ஆற்றங்கரை ஊரொன்றில் பிறந்தவர். அந்த ஊரைத் தலைமுறைகளாகச் சிற்றரசர்கள் ஆண்டார்கள். அவருடைய அப்பா அரண்மனையில் எழுத்தர். அந்தக் கதையை ஒரு சபையில் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. கடைசி அரசரின் பெரிய படத்தையும் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் செயலாளர் மரியாதை தெரிந்தவர். பெண்மணி தேநீர் குடிக்கப் போன நேரத்தில் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கும் ஏற்றிவிட்டார். இவ்வளவு அன்போடு ஒருவரைச் சாகடிக்கத் தமிழரால்தான் முடியும்.

திரும்பி வந்தவர், மாலை எதற்கென்று ஆங்கிலத்தில் கேட்டார். செயலாளர் பெருமையோடு விளக்கினார். பெண்மணியின் முகம் மாறியது. அறுபது வருடங்களுக்கு முன் அரசரை ராணுவம் பிடித்துக்கொண்டு போனது, இறந்தார் என்று எந்த அரசும் இன்றுவரை சொல்லவில்லை, மாலை இருக்கும்வரை தான் பேசப்போவதில்லை என்றார்.

செயலாளர் என்னைத் தனியே இழுத்தார்.

"அண்ணை, இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆள் உயிரோட இருப்பாரே? போட்ட மாலையைக் கழட்டினா அபசகுனம்."

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான்.

"மரணச் சான்றிதழ் இருக்கோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"அப்ப ஆள் சாகேல்லை. சாவை அறிவிக்க உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

சபையைக் கேட்போம் என்றார் அவர், தோற்கப்போவது தெரியாமல். மாலையைக் கழற்ற வேண்டும் என்று முறைப்படி முன்மொழிந்தேன். வழிமொழிய எழுந்தவர் மன்னார் அம்மா ஒருவர். போர் முடிந்த நாட்களில் மகனை ராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னும் தேடுகிறவர்.

"என்ர பெடியன்ர படத்துக்கும் நான் மாலை போடேல்லை."

எல்லாக் கைகளும் உயர்ந்தன, செயலாளரின் கையும். அவரே மாலையைக் கழற்றி, ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார்.

பெண்மணி பேசினார். அரசரின் பட்டத்துக்கு வானத்தின் அதிபதி என்று பொருளாம். வெள்ளைக்காரரும் அந்த நாற்காலியை அசைக்கவில்லை. பின்னால் அரசர்களே அதிகாரத்தை பர்மா அரசிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அப்படியும் ராணுவம் விடவில்லை. பேச்சுக்கு அரைமணி நேரம் என்று விதி எழுதியவனே நான்தான். அது எப்போதோ கடந்துபோயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

கேள்வி நேரத்தில் மன்னார் அம்மாதான் முதலில் கேட்டார், அரசருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று. பெண்மணி முகமெல்லாம் சிரிப்பாக, ஆற்று மீனிலிருந்து தொடங்கினார்.