சண்டைக்கு வந்தவர் அணைத்த சுவிட்ச்

நான் மும்பையில், செம்பூர் திலக் நகரில் இருக்கிறேன். சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, ஸ்பீக்கரில் பாட்டு கேட்க நானே ஒரு மியூசிக் ஸ்ட்ரீமர் செய்தேன். வயர்கள் தெரிந்தால் மனைவி முகம் சுளிப்பாளே என்று, போர்டுக்குக் கரண்ட் தர மாட்டிய பழைய மொபைல் சார்ஜரை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு சோபா குஷனுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எவ்வளவு போராடியும் சத்தமே வரவில்லை. அலுத்துப்போய், அணைக்காமலே குளிக்கப் போனேன்.

திடீரென்று முழுச் சத்தத்தில் பாட்டு அலறியது. 'அட, வேலை செய்கிறதே!' என்று பூரிப்பதற்குள் யாரோ கதவைத் தடதடவென்று தட்டினார்கள். துண்டோடு ஓடிப்போய்த் திறந்தேன். எதிர்வீட்டு மராட்டிக்கார அக்கா, சுஷ்மா தாயி.

"பாய்சாப், ஆவாஜ் கம் கரோ!" என்று, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இந்தியில் கத்தியவர், சட்டென்று மூக்கை உறிஞ்சினார். "குச் ஜல் ரஹா ஹை! ஏதோ எரியுது!" என்று உள்ளே பாய்ந்து சுவிட்சை அணைத்தார். குஷனைத் தூக்கினால் புகை. சார்ஜர் உருகி, துணி கருகியிருந்தது.

என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "சண்டை போடத்தான் வந்தேன்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

இப்போது போர்டுக்கு உரிய அடாப்டரைத்தான், காற்றுப்படும்படி வைத்திருக்கிறேன். குளிக்கப் போனாலும் அணைத்துவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் யார் குறை சொல்லி வந்தாலும், முதலில் உள்ளே வரச் சொல்கிறேன்.