பதினாலு நூல்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அறையில் இருந்தவர்கள்: நான். என்னோடு ஒரே லைனில் பதினோரு வருஷம் வெல்டிங் பார்த்த நண்பர். பிளவுஸ் தைக்கும் அவர் மனைவி. வேறு யாரும் இல்லை.

நண்பர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மணிமங்கலத்தில் வீட்டு முன்னறையை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். மறுநாள் பூசை முடிந்ததும் சர்ச் பாடகர்கள் பத்துப் பேர் வருகிறார்கள். அவர்கள்தான் முதல் வேலை. மெஷின்கள் தரையில் கிடந்தன. பத்துப் பேர் நின்றால் வயரை மிதிப்பார்கள். மெஷின்களை அடுக்கும் ரேக் நிற்காவிட்டால் அவர்களைத் தாம்பரத்தில் வேறு ஸ்டுடியோவுக்குத்தான் அனுப்பவேண்டும் என்றார்.

ரேக்கின் இரண்டு காலுக்கும் ‘எல்’ மாதிரி மடிந்த ஆங்கிள் இரும்பை அறுத்து ஓட்டை போட்டது நான். மெஷின் உயரமெல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது பதினாலு நூல். அதில் மூன்று ஓட்டை. பிளக் பட்டை ஒரு யூனிட், வயர் செருகும் பலகை ஒன்று, கம்ப்யூட்டரோடு சேரும் பெட்டி ஒன்று, மைக் பெட்டி இரண்டு யூனிட், ஆம்ப் மூன்று. ஆம்ப் சுடும். அதற்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் காலி. இனி வாங்கப்போவதற்கு இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. ஜன்னலுக்குக் கீழே அவ்வளவுதான் இடம்.

பிளக் பட்டையை வைத்தோம். கீழ் ஸ்க்ரூ ஏறியது. மேல் ஸ்க்ரூ ஏறவில்லை. ஓட்டை இரண்டு மில்லி தள்ளி இருந்தது.

“இன்னாப்பா இது?”

“மூணு ஓட்டையும் சமமா பிரிச்சுத்தான் போட்டேன்.”

“சமம்னு எவன் சொன்னான்?”

“யாரும் சொல்லல. கம்பெனில அப்படித்தானே.”

“கம்பெனில தப்பு புடிக்க க்யூசின்னு ஒருத்தன் இருந்தான்.”

அவர் மனைவி தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தார். “பட்டன கைல வெச்சுக்கினே, அத வெச்சுப் பாக்காம காஜா எடுத்துகிறீங்களே, அண்ணே.”

ஒரு யூனிட் பெட்டிகள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஓரத்தில் பேப்பரை வைத்து ஓட்டைகளைப் பென்சிலால் குறித்தார். டேப் பிடித்துப் பார்த்தேன். பத்து நூல், நாலு நூல், பத்து, நாலு, பத்து. பத்தின் நடுவில் மூன்றாவது ஓட்டை. ஆக ஐந்து, ஐந்து, நாலு. பதினாலு சரி. சமம்தான் இல்லை. எதற்காக அப்படி வைத்தார்கள் என்று இன்றும் யோசிப்பேன். கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

நல்லவேளை, போல்ட்தான் போட்டிருந்தேன். கழற்றி, இடது ஆங்கிளை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினேன். ஓட்டை விழாத முகம் முன்னால் வந்தது. தப்பு ஓட்டைகள் பக்கவாட்டுக்குப் போயின.

“காத்து வரட்டும்” என்றார் நண்பர்.

பேப்பரை ஒட்டி, புள்ளி குத்தி, டிரில் பிடித்தேன். ஆறு மணிக்குள் ஐந்து மெஷினும் ஏறிவிட்டன.

புதிதாகப் போட்ட ஓட்டை எழுபத்திரண்டு.