அந்தப் பக்கத்து ஆள்

நான் பிறந்தது ஜீவனஹள்ளியில், வாழ்க்கைப்பட்டது ரிச்சர்ட்ஸ் டவுனில். நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் தெருவில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தால் என்னைக் கப்பல் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். "பங்களாவுக்குப் போறா" என்றார்கள். பங்களாவும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய ஓட்டு வீடு. மழை பிடித்தால் கூடத்தில் அங்கங்கே பாத்திரம் வைக்க வேண்டும். அந்த ஓட்டு வீட்டில் நான் முதன்முதலாக வைத்த மீன் குழம்புக்கு "ஜீவனஹள்ளிக் காரம்" என்று பெயர் வைத்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் வீட்டில் யாராவது சத்தமாகப் பேசினால் எல்லாரும் என் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள், பேசியவர் என் கணவராகவே இருந்தாலும்.

அம்மா வீட்டுக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே நான் காபியில் சர்க்கரை குறைவாகக் கேட்டால் "ரிச்சர்ட்ஸ் டவுன் மேடம் வந்துட்டாங்க" என்பாள் என் அக்கா. இரண்டு பக்கமும் என்னை மற்றப் பக்கத்து ஆளாகவே கணக்கில் வைத்திருந்தார்கள். எனக்கு இது பழகிவிட்டது. சில நாள் சிரிப்பேன், சில நாள் எரிந்து விழுவேன். எனக்காவது இரண்டு பக்கமும் ஒரு கதவு இருந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் இரண்டு மூன்று தெரு சேர்ந்தால் ஓர் அன்பியம். அந்தத் தெருக்களின் வீடுகள் கூடி ஜெபம் சொல்வது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, சாவு விழுந்தால் கூட நிற்பது எல்லாம் அன்பியத்தின் வேலை. எங்கள் தெருக்களுக்குத் தலைவி என் மாமியார். ஜீவனஹள்ளிப் பக்கத்துக்கு என் அக்கா. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை அதிகம். அதாவது நேருக்கு நேர் பேசவே மாட்டார்கள். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவார்கள்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபமாலை சொல்லி, மெழுகுவத்தி பிடித்துப் பாடிக்கொண்டே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். மாதா வருகிற நாளில் வீட்டைக் கழுவி, திரைச்சீலை மாற்றி, வருகிறவர்களுக்கு வடையோ சுண்டலோ செய்து வைப்போம். சுரூபம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் மாதத்தின் முதல் பாதி எங்கள் பக்கம், பிற்பாதி அக்கா பக்கம். நடுவில் ஒரு நாள் கைமாறும்; அந்தப் பக்கத்தில் முதல் வீடு அக்கா வீடுதான்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே போகிற மெயின் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு தையல் கடை இருந்தது. அந்தக் கடையின் அகலமான படியில் ஓர் அம்மா வந்து தங்கினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. தினமும் காலையில் படியையும் முன்னால் உள்ள நடைபாதையையும் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். பகலில் துணிமூட்டையை ஷட்டர் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு நேராக உட்கார்ந்திருப்பார். கை நீட்டி நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், கோயிலில் வயதான சீமாட்டிகளிடம் சுத்தமான இங்கிலீஷ். பூசைக்குத் தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை கேட்டுவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

அவருக்கான சரித்திரத்தை எழுத மற்றவர்கள் இருந்தார்களே.

"ஜீவனஹள்ளிப் பொம்பளைதான், பாவம்" என்றார் மாமியார். "புருஷன் குடிச்சிட்டு அடிச்சிருப்பான், கோவிச்சிக்கிட்டு வந்து உக்காந்திருக்கா. தணிஞ்சதும் போயிடுவா. அந்தப் பக்கம் ஜனங்க ஒருத்தருக்கு ஒண்ணுன்னா ஓடி வருவாங்கம்மா. நம்மள மாதிரி இல்ல."

அக்காவிடம் கேட்டால் அவள் கையை உதறினாள். "சும்னே பேசாதடி. நம்ம ஜனம் யாரையாவது ரோட்ல விடுமா? ஒரே ரூம்ல ஏழு பேர் படுத்தாலும் எட்டாவது ஆளுக்கு எடம் குடுப்போம். அது உங்க பக்கம். பேசற இங்கிலீஷ் கேட்டியா? சொத்துத் தகராறு, கோர்ட்டு, கேஸு, ஏதோ ஒண்ணு. தீர்ப்பு வந்தா கார் ஏறிப் போயிடும் பாரு."

இருவரும் கெட்டவர்கள் இல்லை. மாமியார் மிச்சமான கேக்கை அவருக்குக் கொடுத்தனுப்புவார். அக்கா தன் பழைய போர்வையைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் அவர் எங்கள் ஆள் என்று இரண்டு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவருக்கு எங்கேயோ வீடு இருக்கிறது, அதுவும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு அன்பியமும் ஒரே மனதாக இருந்தன.

அந்த வருஷம் அக்டோபர் பிறந்ததும் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த அம்மா என்னை நிறுத்தினார்.

"டீச்சர், மாதா நம்ம வீட்டுக்கு என்னிக்கு வராங்க?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் கை பக்கத்தில் இருந்த படியைத் தட்டியது. பெருக்கித் துடைத்து வைத்த அந்தப் படியைத்தான் நம்ம வீடு என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மாமியார், "ரோட்டுல எப்படிம்மா? நாய் இருக்கு, குடிகாரன் இருக்கான். அதோட அவ அந்தப் பக்கத்து அன்பியம், உங்க அக்காதான் முடிவு பண்ணணும்" என்றார். அக்கா, "எங்க லிஸ்ட்ல அவங்க எப்படி வருவாங்க? உன் மாமியார கேளு" என்றாள். ஃபாதரிடம் போனேன். அவர் புன்னகை மாறாமல், இரண்டு அன்பியமும் பேசி நல்ல முடிவாக எடுங்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு வீட்டில் எல்லாப் பாத்திரமும் சத்தம் போட்டது. ஜீவனஹள்ளிச் சத்தம் என்று யாரும் வாய் திறக்கவில்லை, திறந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். சுரூபம் கைமாறுகிற அன்று எப்படியும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் படியில் வைத்து இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு ஜெபமாலை சொல்வோம். அரை மணி நேரம் மாதா அவர் வீட்டில் இருக்கட்டும். இரவு தங்க வேண்டாம். மாமியாரும் சரி என்றார், அக்காவும் சரி என்றாள். வழக்கம்போல என்னிடம்தான் சொன்னார்கள்.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. உடனே அவருக்கு ஆயிரம் கவலை வந்துவிட்டது. எத்தனை பேர் வருவார்கள், உட்கார இடம் போதுமா, உங்கள் மாமியாருக்கு முட்டி வலியாயிற்றே, எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டீக்கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சொல்லி வைத்தார். செங்கல் அடுக்கி மேலே வெள்ளைத் துணி விரித்து மாதாவுக்கு மேடை கட்டிப் பார்த்தார். கோயில் வாசல் பூக்காரம்மா செவந்திப்பூ தருவதாகச் சொல்லியிருந்தாராம். வீட்டில் விருந்தினரை எதிர்பார்க்கும் எந்தப் பெண்ணையும்போல அவர் அந்த நாலைந்து நாளும் பரபரப்பாகத் திரிந்தார்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மழை. எனக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். முடிந்து பஸ் ஏறினால் ரோடு முழுக்கத் தண்ணீர், வண்டி நகரவே இல்லை. மழை கொஞ்சம் வெறித்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். படியில் ஜெபமாலை அதற்குள் முடிந்திருக்கும் என்று நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே சீரியல் பல்பு மினுக்க மாதா நடுக்கூடத்தில் நின்றிருந்தார். பாட்டு முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"படியில ஜெபமாலை நல்லபடியா நடந்துச்சா?" என்றேன்.

அக்கா கரண்டியோடு நிமிர்ந்தாள். "அத அவங்க முடிச்சிட்டுதானே வந்திருப்பாங்க? மழையில நாங்க யாரும் அங்க வரல."

மாமியார் முகம் மாறியது. மழை விடவில்லை, சுரூபம் நனைந்துவிடும் என்று யாரோ காரை எடுத்தார்களாம். பிளாஸ்டிக் உறையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். "பார்த்தேன்மா. மெழுகுவத்தி ஏத்தி, கையால மறைச்சிக்கிட்டு நின்னுட்டு இருந்தா. இவங்க பக்கத்து ஜனங்க நடந்து வந்து அவளையும் கூட்டிட்டு இங்க வந்துடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க ஆளுதானேன்னு."

"எங்க ஆளா?" என்றாள் அக்கா. அப்போதுதான் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

நான் ஓடினேன். படி கழுவி விட்டாற்போல இருந்தது. செங்கல் மேடையில் வெள்ளைத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. செவந்திப்பூ இருந்தது. துடைத்து வைத்த நாற்காலி ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்தது. துணிமூட்டையைக் காணவில்லை. டீக்கடைக்காரர், கார் போன பிறகும் ரொம்ப நேரம் நின்றார் என்றார். அப்புறம் நாற்காலிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "கவனிக்கல மேடம், மழை" என்றார்.

மறுநாளிலிருந்து தேடினேன். அக்கா தன் பக்கம் வீடு வீடாகக் கேட்டாள். மாமியார் முட்டி வலியோடு எங்கள் தெருக்களில் ஏறி இறங்கினார். வயதானவர்களுக்கான இல்லங்களில் கேட்டோம், ஆஸ்பத்திரியில் கேட்டோம். சொல்வதற்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. ஒற்றைச் சடை, இங்கிலீஷ் பேசுவார் என்று எத்தனை பேரிடம் சொல்வது? ஜீவனஹள்ளியில் அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவரைத் தெரிந்த வீடு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் அடித்துச் சொன்ன அந்த வீடு எங்கேயுமே இல்லை.

அதற்குப் பிறகு அவர் எங்களை விடவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு ஒற்றைச் சடை தெரிந்தால் எழுந்து போய் முகத்தைப் பார்ப்பேன், வேறு யாரோவாக இருப்பார்கள். மாமியார் பூசை நடுவே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையை அழுத்தி, "வந்திருக்கா" என்றார். நான் பார்த்தபோது பெஞ்சு காலி. அக்கா எதையும் நம்பாதவள். மழை பெய்யும் சாயங்காலங்களில் வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவளே ஒரு நாள் சொன்னாள், போய்ப் பார்த்தால் ஆள் இல்லையாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். செத்தவர்கள் என்றால் ஒரு பூசை வைத்து மனதை ஆற்றிக்கொள்ளலாம். அவர் செத்தாரா, இன்னும் எங்கேயாவது ஒரு படியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது.

தையல் கடைக்காரர் இடையில் அந்தப் படியை அடைத்து இரும்புக் கம்பி போட்டுவிட்டார். முனை எல்லாம் கூராக, கறுப்புப் பெயிண்ட் அடித்து, பார்க்க அழகாகவே இருந்தது. இனி அங்கே யாரும் உட்கார முடியாது.

அடுத்த அக்டோபரில் மாதா கைமாறும் நாள் வந்தது. மழை இல்லை. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் ஊர்வலம் அந்தக் கடைக்கு முன்னால் வந்ததும் தானாக நின்றது. அக்கா தன் பக்கத்து ஜனங்களோடு எதிரே வந்து ஏற்கெனவே காத்திருந்தாள். சுரூபத்தைக் கம்பிக்கு வெளியே நடைபாதையில் வைத்தார்கள். இரண்டு அன்பியமும் சேர்ந்து ஒரு ஜெபமாலையை முழுதாகச் சொன்னோம். பஸ்ஸில் போகிறவர்கள், மூடிய ஷட்டரைப் பார்த்துக் கும்பிடுகிற எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் மாமியார் அக்காவைப் பார்த்து, நேராகவே, "உங்க பக்கம் நல்ல ஜனங்க. யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க, இல்ல?" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லங்க ஆன்ட்டி, அவங்க பெரிய எடம். வீட்டாளுங்க வந்து தேடிக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

இருவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

"எந்த வீட்டுக்கு?" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். மாதாவைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தோம்.